ஏட்டையா வீட்டுக் கஞ்சாச் செடி

மினாஸ்
8 நவம்பர் 2015

அன்புத் தம்பி தார்தோவுக்கு,

உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? நான் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, இல்லை அதையும் கபோ பொலோனியோவுக்கு வருகிற சுற்றுலாக்காரி எவளுக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா? என் முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது. மற்றபடி குறையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்கக் கூடாது. எங்கள் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தொட்டியில் ஒரு கஞ்சாச் செடி வைத்திருக்கிறேன். ஆமாம், நான்தான், உன் அக்கா ஒத்திலியாதான். இப்போதுதான் சட்டமே விட்டிருக்கிறதே, தபால் ஆபீசில் முறையாகப் பெயரும் பதிந்துவிட்டேன். வெட்கத்தில் குசுகுசுவென்று சொன்னேனா, கவுண்டரில் இருந்த பெண்ணுக்குக் காதில் விழவில்லை. மூன்று முறை கேட்டாள். பென்ஷன் வாங்க நின்ற வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது. பாதிரியாரின் தங்கையும் அந்த வரிசையில் இருந்தாள்.

உன் அத்தானுக்காகத்தான் இது. ஆபரேஷனில் பாதி வயிற்றை எடுத்த பிறகு மனிதர் சாப்பிடுவதே இல்லை. பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவள் நான். எனக்கு முன்னால் தட்டைத் தள்ளி வைக்கிறார். வருகிற ஜூன், ஜூலைக் குளிர்காலம் முடிவதற்குள் உடம்பில் எடை ஏறினால்தான் இரண்டாம் கட்ட வைத்தியம் தாங்கும், இல்லாவிட்டால் ஆரம்பிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பூவை எண்ணெயில் ஊற வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் சிலருக்குப் பசியும் தூக்கமும் வருகிறது என்று சின்ன டாக்டர் ஆஸ்பத்திரி நடையில் வைத்து மெதுவாகச் சொன்னார். எல்லாருக்கும் வரும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

பக்கத்து வீட்டு சுல்மாவின் மருமகன் கொடுத்த கன்று. இலையெல்லாம் மஞ்சளாகி வருகிறது. யாரைக் கேட்பேன்? உன் மணல்மேட்டில் செல்போன் எடுக்காது. எடுத்தாலும் எங்கள் வீட்டில் பேசினால் அவர் காதில் விழும். சுல்மாவின் இருமலுக்கு மூலிகை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கண்ணில் புரை இருப்பதால் நம்பிவிட்டார்.

இருபது வருடத்துக்கு முன் அவர் ஏட்டு உடுப்போடு வந்து உன் செடிகளைப் பிடுங்கியதையும், உன்னை லாக்கப்பில் வைத்ததையும், அன்றிலிருந்து நீ இந்த வாசலை மிதிக்காததையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் உன்னைத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா
ஒத்திலியா


கபோ பொலோனியோ
19 நவம்பர் 2015

அக்கா,

சளி போய்விட்டது, சட்டை இருக்கிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சிரித்தேன். நீ சொன்னால் கேட்கிறவனா நான்? குடிசைக்கு வெளியே பாறையில் கிடக்கிற கடல்சிங்கங்கள்கூடத் திரும்பிப் பார்த்தன. ஏட்டையா வீட்டில் கஞ்சாச் செடி! பிறகு இன்னொரு தடவை படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

மஞ்சள் என்று மட்டும் சொன்னால் நான் என்ன ஜோசியனா? எந்த இலை மஞ்சள், அடியில் இருப்பதா, நுனியில் இருப்பதா? செடி விறைப்பாக நிற்கிறதா, தொங்குகிறதா? தொட்டிக்கு அடியில் ஓட்டை போட்டாயா? உன்னைத் தெரியும் எனக்கு. யாரைப் பார்த்தாலும் ஊட்டிவிடுவாய். தினமும் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று நினைக்கிறேன். அந்தக் கையைக் கொஞ்சம் கட்டி வை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார், உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று.

சீசன் ஆரம்பிக்கிறது. மீன் வடை சுட்டு விற்கிறேன், கை ஓய்வதில்லை. ஆனால் மணலைத் தாண்டி வருகிற லாரியில் உன் கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் போடுவேன்.

அத்தான் எத்தனை கிலோ இருக்கிறார்?

உன் தம்பி
தார்தோ


மினாஸ்
1 டிசம்பர் 2015

தார்தோ,

நீ நலம் என்பதில் நிம்மதி. இங்கே வெயில் கொளுத்துகிறது, நான் தேவலை.

அடி இலைதான் முதலில் மஞ்சளானது, இப்போது நடுவிலும் ஏறிவிட்டது. நனைந்த துணி மாதிரித் தொங்குகிறது. ஓட்டை இருக்கிறது, நானே ஆணி வைத்து அடித்தேன், நான் ஒன்றும் முட்டாள் இல்லை. நீ சொன்னபடி தண்ணீரை நிறுத்திவிட்டேன். நிறுத்தியும் மண் காயவே மாட்டேன் என்கிறது. இது என்ன கூத்து? பொடிப் பொடியாய்க் கறுப்பு ஈ வேறு தொட்டியைச் சுற்றி மொய்க்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்தேன், ஈ கொழுத்ததுதான் மிச்சம்.

உரம் எதுவும் போடவில்லை. சத்தியமாக.

காலையில் உன் அத்தான் காற்று வாங்கக் கொல்லைக்குப் போவார். நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார். நேற்று ஒரு முட்டை சாப்பிட்டார். அரை முட்டை என்று சொல்ல வேண்டும்.

எத்தனை கிலோ என்று கேட்டிருந்தாய். செடியைப் பற்றி எழுது.

அன்புடன்
ஒத்திலியா


கபோ பொலோனியோ
12 டிசம்பர் 2015

அக்கா,

சுகமாக இருக்கிறாய் என்று எழுதியதை அப்படியே நம்பிக்கொள்கிறேன்.

அந்த ஈ சும்மா வராது. ஈரமாய் எதுவோ அழுகினால்தான் வரும். நீ தண்ணீர் விடாமல் மண் நனைந்திருக்கிறது என்றால் வேறு யாரோ எதையோ கொட்டுகிறார்கள். சுல்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுகிறாளா? பூனையா? மேல் மண்ணை ஒரு கரண்டியால் கிளறிப் பார். மோந்து பார், அருவருப்புப் படாதே. வேருக்கு மூச்சு முட்டுகிறது, அதனால்தான் சாப்பாடு இருந்தும் அதற்கு எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சீக்கிரம் பார். கிறிஸ்துமஸ் தாண்டினால் காப்பாற்றுவது கஷ்டம்.

தார்தோ


மினாஸ்
27 டிசம்பர் 2015

என் கண்ணுத் தம்பி,

பண்டிகை எப்படிப் போயிற்று? வடை விற்றுத் தீர்ந்ததா? எங்கள் வீட்டுப் பண்டிகையைக் கேள்.

கரண்டியால் கிளறினேன். மேலே ஒரு விரல் உயரத்துக்கு நல்ல மண், சிறு கல்லெல்லாம் பரப்பி அழகாய் மூடி வைத்திருக்கிறது. அதற்குக் கீழே பார்த்தால் முழுக்க முழுக்க மாத்தேக் கஷாயம் குடித்துக் கழித்த யெர்பா இலைச் சக்கை. கட்டி கட்டியாய், பச்சைப் பூஞ்சணம் பிடித்து, புளித்த நாற்றம். நம் ஊரில் யார் வீட்டுத் தொட்டியில்தான் சக்கை கொட்டுவதில்லை என்று நீ கேட்பாய். ஆனால் எங்கள் வீட்டில் மாத்தேவே கிடையாதே! சூடாக எதுவும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே குடுவையையும் உறிஞ்சு குழாயையும் பரண்மேல் போட்டுவிட்டேன். அவர் முன்னால் நானும் குடிப்பதில்லை.

கடைக்குப் போவது மாதிரிப் போய் பாதி வழியில் திரும்பினேன். துவைக்கிற கல்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். பிளாஸ்க் பக்கத்தில். குடித்து முடித்து, சக்கையைத் தொட்டியில் தட்டி, மண்ணைத் தள்ளி மூடி, கல்லையும் அடுக்கினார். களவு பிடிக்கிற வேலையில் இருந்தவருக்கு மறைக்கவும் நன்றாகவே தெரிகிறது.

"இது என்னங்க?" என்றேன்.

"யெர்பா."

"அது தெரியுது. டாக்டர் மாத்தே குடிக்கக் கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"டாக்டர் கஞ்சா வளக்கச் சொன்னாராக்கும்?"

அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். "எத்தனை வருஷம் இதப் புடுங்கிப் புடுங்கி எரிச்சிருக்கேன் ஒத்திலியா. கண்ணு மங்கினா மூக்குமா மங்கிடும்?" என்றார். சரி, தெரிந்தும் ஏன் சக்கையைப் போட்டீர்கள், சாகடிக்கவா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வெளுத்துப்போய்ப் பாவமாய் நின்றதாம். அவர் அம்மா ரோஜாவுக்குப் போடுவாராம், நன்றாக வருமாம். ஊட்டம் கொடுக்கத்தான் போட்டாராம்.

கடைசியில் சொன்னார், வளர்த்துக்கொள், சட்டம் விட்டிருக்கிறது, ஆனால் என் வாயில் ஒரு சொட்டு விழாது என்று. அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. முதலில் செடி பிழைக்கட்டும். அவரை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

ஒத்திலியா


கபோ பொலோனியோ
8 ஜனவரி 2016

அக்காவுக்குப் புத்தாண்டு வாழ்த்து. அத்தானுக்கும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

என் செடிகள் அவ்வளவு பச்சையாய் இருந்தன, பிடுங்கினார். உன்னுடையது நோஞ்சான், அதற்குப் போய் ஊட்டியிருக்கிறார். இந்த நியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

கவனமாகக் கேள். சக்கை முழுவதையும் வழித்து எடு, ஒரு பிடிகூட விடாதே. செடியைத் தொட்டியோடு சாய்த்து மெதுவாக வெளியே எடு. வேரில் பழுப்பாய்க் கொழகொழவென்று இருப்பதைக் கத்தரித்துவிடு, வெள்ளையாய் இருப்பதைத் தொடாதே. பெரிய தொட்டியில் புது மண், அதில் மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணல் கலந்து நடு. ஒரு தடவை தண்ணீர் ஊற்று. அதற்குப் பிறகு தொட்டியைத் தூக்கிப் பார்த்து, லேசாக இருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும். மஞ்சள் இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து அழாதே. நுனியில் புதுத் துளிர் வருகிறதா என்று மட்டும் பார்.

கொஞ்சம் வளர்ந்ததும் கிளை பிரிகிற கணுவைப் பார். இரண்டு வெள்ளை முடி நீட்டினால் பெண். சின்ன உருண்டை தொங்கினால் ஆண், நமக்கு உதவாது. உருண்டை என்றால் எனக்கு எழுது, வேறு வழி பார்க்கலாம்.

அத்தான் மாத்தே குடித்தே தீருவார் என்றால் டாக்டரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடு. ஆறிப்போனதைக் கொஞ்சமாகக் குடிக்க விடுவாரோ என்னவோ. திருட்டுத்தனமாய்ச் சூடாகக் குடிப்பதற்கு அது மேல். சக்கை ரோஜாவுக்குப் போகட்டும்.

தார்தோ


மினாஸ்
1 மார்ச் 2016

அன்புத் தம்பி,

நலம்தானே? வெகு நாளாகிவிட்டது. நீயும் சீசன் வேலையில் இருந்திருப்பாய்.

செடி பிழைத்துவிட்டது! என் மோவாய் உயரம் நிற்கிறது. அப்படியொரு பச்சை, என் கண்ணே பட்டுவிடுமோ என்று இருக்கிறது. கணுவில் வெள்ளை முடி, பெண்தான். சுல்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், இருவரும் ஆளுக்கொரு கேக் சாப்பிட்டோம்.

ஆனால் பூக்கவில்லை. சுல்மாவின் மருமகன் வீட்டில் இதே விதையில் வந்த செடியெல்லாம் கொத்துக் கொத்தாய்ப் பூத்துவிட்டது. நம்முடையது இலையாக விட்டுத் தள்ளுகிறது. அந்த முடி இரண்டோடு நிற்கிறது. பூ இல்லாமல் இலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஏதாவது போட வேண்டுமா?

இங்கே எல்லாரும் நலம்.

ஒத்திலியா


கபோ பொலோனியோ
9 மார்ச் 2016

அக்கா,

நான் நலம். பிழைக்க வைத்துவிட்டாயே, கெட்டிக்காரி!

எதுவும் போட வேண்டாம். பூக்காததற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. இரவு நீண்டுவிட்டது என்று தெரிந்தால்தான் இந்தச் செடி பூக்கும். நடுவில் வெளிச்சம் பட்டால் இன்னும் கோடைதான் என்று நினைத்துக்கொண்டு இலையாக விடும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிறவரை அதன்மேல் துளி வெளிச்சம் படக் கூடாது. என் குடிசையில் மின்சாரமே கிடையாது, அதனால் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை.

உங்கள் கொல்லையில் தெரு விளக்கு எட்டாதே. அந்த மதிலில் ஏறிக் குதித்தவன் நான், எனக்குத் தெரியும். சுல்மா வீட்டு ஜன்னலும் அந்தப் பக்கம் இல்லை. அப்படியென்றால் அங்கே இரவெல்லாம் என்ன வெளிச்சம்?

தார்தோ


கபோ பொலோனியோ
23 மார்ச் 2016

அக்கா,

லாரி நான்கு முறை வந்து போய்விட்டது, உன் கடிதம் இல்லை.

கொல்லையில் இருப்பது ஒரே விளக்கு, அதன் சுவிட்சு உங்கள் சமையற்கட்டுக் கதவோரம். யார் போடுகிறார்கள், ஏன் அணைப்பதில்லை என்று கேட்டேன். எல்லாரும் நலம் என்று இன்னொரு தடவை எழுதாதே. அத்தான் இரவில் படுக்கிறாரா இல்லையா?

தார்தோ


மினாஸ்
30 மார்ச் 2016

தார்தோ,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

படுப்பதில்லை. ஜனவரியிலிருந்தே இல்லை. படுத்தால் வலி மேலே ஏறுகிறது. எழுந்து போய்க் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இருட்டில் உட்கார அவரால் முடியவில்லை. ஊரே பயந்த மனிதர், இப்போது விளக்கை அணைக்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். நான் எப்படி அணைப்பேன், சொல். எடை ஏறவில்லை, இன்னும் இறங்கியிருக்கிறது. இதையெல்லாம் எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது. அதனால்தான் இலையைப் பற்றியும் ஈயைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் கட்ட வைத்தியத்துக்குப் போக மாட்டேன் என்று போன மாதமே சொல்லிவிட்டார். எடை ஏறினாலும் போவதாக இல்லையாம். போதுமாம்.

வெளிச்சத்தைப் பற்றி நீ எழுதிய முதல் கடிதம் வந்தபோது அவரிடம் வாயே திறக்கவில்லை. ஒரு மனிதனுக்குக் கிடைக்கிற கொஞ்ச ஆறுதலையும் செடிக்காகப் பிடுங்குவதா? உன் இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவர் வந்து நின்றார். பொழுது சாயும் நேரம். செடிக்கு மறுபடி என்ன கேடு என்று கேட்டார். வெளிச்சம்தான் கேடு, இருட்டு இருந்தால்தான் பூக்குமாம் என்று சொல்லிவிட்டேன்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார்.

"உங்களுக்கு இருட்டு ஆகாதேங்க."

"எனக்கு ஆகாது. அதுக்கு வேணுமே."

போய் சுவிட்சை அணைத்தார். அணைத்துவிட்டுக் கதவோரத்திலேயே நின்றார், நடக்க வரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். இன்னொரு நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்தேன். பிறகு, "பூக்குமா?" என்றார். பூக்கும் என்று தார்தோ எழுதியிருக்கிறான் என்றேன். உன் பெயரை அவர் முன்னால் நான் சொல்லி எத்தனை வருடமாயிற்று தெரியுமா?

"சரி. அது பூத்தா நானும் ஆஸ்பத்திரிக்குப் போறேன். பூக்கலேன்னா எங்க ரெண்டு பேரையும் விட்டுடு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். தூக்கம் கெட்டு எனக்குக் கண் எரிகிறது. தம்பி, அது பூக்குமா? நீ எனக்காக ஒன்றும் மழுப்பாமல் சொல். முடிந்தால் ஒருமுறை வந்துவிட்டுப் போயேன்.

அக்கா


கபோ பொலோனியோ
3 ஏப்ரல் 2016

அக்கா, என் அக்கா,

பூக்கும். நேரம் கடந்துதான் ஆரம்பிக்கிறது, குளிர் முந்திக்கொள்ளப் பார்க்கும், ஆனாலும் பூக்கும். இருட்டைக் கொடுத்த பிறகு இரண்டு வாரத்தில் நுனியில் வெள்ளை முடி கொத்தாய் வரும். பனி விழ ஆரம்பித்தால் மாலையில் தூக்கி நடைக்குள் வை, காலையில் வெயிலுக்குக் கொண்டு போ. உள்ளே வைக்கிற இடத்திலும் விளக்கைப் போடக் கூடாது. மழையில் நனைய விடாதே, பூ உள்ளுக்குள் அழுகிவிடும். முடி முக்கால்வாசி பழுப்பானதும் வெட்டு. வெட்டியதும் அவசரப்பட்டு எண்ணெயில் போடாதே, நிழலில் தலைகீழாய்த் தொங்கவிட்டுக் காய வை. எத்தனை சொட்டு என்பதை அந்தச் சின்ன டாக்டரிடம் கேள், என்னிடம் கேட்காதே. ஒரு சொட்டில் ஆரம்பி.

உன் கடிதத்தைக் கடற்கரையில் உட்கார்ந்து படித்தேன். அத்தான்மேல் எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது. அவர் சாகவும் கூடாது. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை.

வரச் சொல்லி எழுதியிருக்கிறாய். நீ கூப்பிடக்கூட வேண்டாம், உனக்காக நடந்தே வருவேன். ஆனால் அந்த வாசலில் "இனிமே இங்க கால் வைக்காதே" என்று சொன்னது நீ இல்லையே. சொன்னவர் கூப்பிடட்டும்.

பகலில் கொஞ்சமாவது தூங்கு. சுல்மாவை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டுத் தூங்கு.

தார்தோ


மினாஸ்
31 ஜூலை 2016

தார்தோவுக்கு,

ஏபெர் எழுதுவது. நீ நலம் என்று உன் அக்கா மூலம் தெரிந்துகொண்டேன். நான் நலமா என்பதை டாக்டர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. கண் சரியில்லாததால் எழுத்து பெரிதாக இருக்கும், வரி கோணலாகப் போகும். பொறுத்துக்கொள்.

மேற்படி செடி ஏப்ரல் மாத நடுவில் மொட்டு வைத்தது. முதலில் கண்டுபிடித்தது நான், விரலால் தடவிப் பார்த்து. உன் அக்கா தான்தான் முதலில் பார்த்ததாகச் சொல்வாள், அது பொய். மே மாதம் பனி விழ ஆரம்பித்தது. தினமும் மாலையில் நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியை நடைக்குள் கொண்டு வந்தோம். என் சர்வீசில் எந்தக் கைதியையும் அவ்வளவு பத்திரமாகக் கூட்டிப் போனதில்லை. ஜூன் முதல் வாரம் வெட்டினோம். ஒரு கிளையில் அழுகல் இருந்தது, அதை எறிந்துவிட்டோம். மீதி நல்லபடியாகக் காய்ந்தது.

என் வாயில் ஒரு சொட்டு விழாது என்று சொல்லியிருந்தேன். அந்த முடிவை மாற்றிக்கொண்டேன். காரணம் எழுத வேண்டிய அவசியம் இல்லை. உன் அக்கா மூன்று மாதம் எனக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள், அதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. வாய் காய்ந்தது, அவ்வளவுதான். ஏமாற்று வேலை என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் கண் விழித்தால் சமையற்கட்டில் வெயில் அடிக்கிறது. கட்டிலில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். உன் அக்கா என் மூக்குக்கு நேரே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினேன்.

நேற்று முன்தினம் இருபத்தொன்பதாம் தேதி. மாதா மாதம் அந்தத் தேதியில் ஊரே செய்கிற வழக்கப்படி உருளைக்கிழங்கு ஞோக்கிக் கொழுக்கட்டை செய்திருந்தாள். தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். சமையற்கட்டுக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அழுகிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று உருட்டினாள். எனக்குக் கண்தான் கோளாறு, காது நன்றாகவே இருக்கிறது.

எடை டாக்டர் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் இரண்டாம் கட்டம் ஆரம்பிக்கிறார்கள். செடியோடு செய்த ஒப்பந்தப்படி போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். அக்டோபரில் விதைக்க வேண்டும் என்று சுல்மா சொல்கிறாள். இந்தத் தடவை நானே வளர்க்கப் போகிறேன். நேற்று தபால் ஆபீசுக்குப் போய் விவரம் கேட்டேன், ஆறு செடி வரை சட்டம் விடுகிறது. எனக்கு மூன்று போதும். சுல்மாவின் மருமகன் விதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னுடைய செடிகள் நன்றாக இருக்கும் என்பது எனக்கு நேரடியாகவே தெரியும். எனவே உன் விதை வேண்டும்.

விதையைத் தபாலில் போடலாமா கூடாதா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சந்தேகமாக இருந்தால் செய்யாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். ஆகவே தபாலில் போடாதே, நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. பின் அறையில் உனக்குக் கட்டில் போட்டாயிற்று.

இப்படிக்கு
ஏபெர்